ஒரு 'செட்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் ஒரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் அந்த மூன்றும் வேண்டாம், இரண்டே போதும். 'செட்'!

வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் சொல் என்று ஆங்கில ஆசிரியை எழுப்பிவிட்டால், 'கோ, வெண்ட்' வரை வந்து மூன்றாவதற்கு மேலே மின்விசிறியைப் பார்க்கும் மாணவிகூட இந்தச் சொல்லுக்குத் தலைநிமிர்ந்து நிற்பாள். 'செட், செட், செட்' என்று முழங்கிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். நேற்றும் செட், இன்றும் செட், முடிந்து போனதும் செட். காலம் மாறினாலும் தான் மாறாத இப்படிப்பட்ட குணம் மனிதரில் அரிது. சொல்லிலாவது இருக்கிறதே என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

ஆனால் தோழியரே, ஏமாந்துவிடாதீர்கள்! உருவம் மாறாத இந்தச் சொல், பொருளை மட்டும் வேளைக்கொன்றாக மாற்றிக்கொள்ளும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஏ, பி, சி' கூடத் தெரியாது. ஆயினும் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது இந்தச் சொல்லைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. காலையில் செய்தி கேட்க ரேடியோ செட். வயலில் தண்ணீர் இறைக்கப் பம்பு செட். மாதா கோவில் திருவிழா என்றால் மைக் செட். கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் போட்டது எத்தனை செட் நகை என்று விசாரணை. பேரப்பிள்ளைகளை ஓட்டலுக்கு அழைத்துப் போனால் ஆளுக்கு ஒரு செட் பூரி. இவ்வளவும் போதாதென்று எங்கள் தாத்தாவின் பல் செட் வேறு! இரவில் அது ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மூழ்கியபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மாலை பாட்டி முறுக்குச் சுட்டு, தட்டில் வைத்துத் தாத்தாவிடம் கொடுத்தார். தாத்தா வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "டேய், உள்ளே போய் என் செட்டை எடுத்துக்கிட்டு வாடா" என்று என் தம்பியை அனுப்பினார். அவன் பயபக்தியோடு இரண்டு கைகளாலும் தூக்கி வந்து வைத்தது ரேடியோப் பெட்டி! அன்று தாத்தா முறுக்கைத் தொடவில்லை, கர்நாடக சங்கீதம் கேட்டார்.

நாலு பேர் உள்ள வீட்டிலேயே ஒரு சொல்லால் இத்தனை குழப்பம் என்றால், அகராதி எழுதியவர்கள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தவர் ஜேம்ஸ் மரே. அவருடைய அலுவலகம் மாளிகை அன்று. தோட்டத்தில் போட்ட இரும்புத் தகட்டுக் கொட்டகை. எந்தச் சொல் எந்த நூலில் எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்று பல நாட்டு வாசகர்கள் துண்டுத் தாள்களில் எழுதி அனுப்புவார்கள். இலட்சக்கணக்கில் வந்து குவிந்த அந்தத் தாள்களை அகரவரிசையில் அடுக்க உதவியவர்கள் மரேயின் பிள்ளைகள். பதினொரு பிள்ளைகள்! அடுக்கினால் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும். வீட்டுப்பாடம் எழுதவே முணுமுணுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

அந்த அகராதி முழுவதும் முடிந்தது 1928-இல். மரே 1915-லேயே காலமாகிவிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1989-இல் இருபது தொகுதிகளாக வெளிவந்தபோது, அனைத்திலும் நீளமான பதிவு எந்தச் சொல்லுக்கு என்று நினைக்கிறீர்கள்? அறிவா, அன்பா, கடவுளா? இல்லை. 'செட்' என்னும் வினைச்சொல்லுக்குத்தான்! சுமார் 430 பொருள்கள். அவற்றை விளக்க 60,000 சொற்கள். இந்தக் கட்டுரையைப் போலப் பற்பல கட்டுரைகள் எழுதினால்தான் அந்த ஒரு சொல்லின் விளக்கத்திற்கு ஈடாகும். (அஞ்சவேண்டாம், நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.) ஆனால் எந்தப் பெருமையும் நிலையன்று. 2011-இல் அகராதிக்காரர்கள் 'ரன்' என்னும் சொல்லைத் திருத்தி எழுதியபோது அதற்கு 645 பொருள்கள் தேறின. முதலிடத்தில் அமர்ந்திருந்த செட்டை ஓடுகிற சொல் ஒன்று முந்திவிட்டது. முயலும் ஆமையும் கதை இங்கே மட்டும் தலைகீழ்!

சரி, இத்தனை பொருள்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள். ஒருநாள் வகுப்பில் இந்தச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொற்களை எழுதச் சொன்னேன். எழுத எழுதக் கரும்பலகையில் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஆங்கிலேயர் வீட்டுக்குத் தீயைச் 'செட்' செய்வார்கள். நாம் தீ வைக்கிறோம். எலிக்குப் பொறி செட் செய்வார்கள்; நாம் பொறி வைக்கிறோம். பரீட்சை வைக்கிறோம், கல்யாணத்திற்கு நாள் வைக்கிறோம், பொருளுக்கு விலை வைக்கிறோம், புது வீட்டில் கால் வைக்கிறோம், கெட்டுப் போகாமல் பணத்தை ஒதுக்கி வைக்கிறோம், ஒன்றின்மேல் மனத்தை வைக்கிறோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'செட்' ஒன்றே. தமிழில் இத்தனைக்கும் 'வை' ஒன்றே! கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் கேட்காமலே இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வேலைக்காரியை எல்லா வேலைக்கும் ஏவியிருக்கிறார்கள்.

நம்முடைய 'வை' சில இடங்களில் அவர்களுடைய செட்டையும் மிஞ்சிவிடும். பொட்டு வைப்போம், பெயர் வைப்போம், குழம்பு வைப்போம். பரீட்சை நெருங்கினால் டீச்சருக்கு ஐஸ் வைப்போம்! இதையெல்லாம் 'செட்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் வெள்ளைக்காரருக்கே வேர்த்துவிடும்.

வேறு சில இடங்களில் அவர்கள் ஒரு சொல்லால் சமாளிப்பதை நாம் இடத்துக்கொன்றாகப் பிரித்துச் சொல்வோம். தயிர் உறைகிறது. சிமென்ட் இறுகுகிறது. மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறோம். பாட்டுக்கு மெட்டமைக்கிறோம். ஒடிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுகிறோம். புத்தூர்க் கட்டு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்? அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறோம். முன்பெல்லாம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்தார்கள், இன்று கணிப்பொறியில் கோக்கிறார்கள். இந்த ஆண்டு மலரும் யாரோ ஒருவர் 'செட்' செய்ததுதான். ஆங்கிலத்தில் தயிரும் சிமென்டும் வைரமும் எலும்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அவர்கள் ஊர்ச் சூரியனும் மாலையில் 'செட்' ஆகிவிடுவான்.

இந்தச் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். பயணம் புறப்பட்டால் 'செட் அவுட்'. அடைமழை பிடித்துக்கொண்டால் 'செட் இன்'. ஒன்றைப் புதிதாக நிறுவினால் 'செட் அப்'. அதே இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றிப் போட்டால் 'அப்செட்'! சிஸ்டர்கள் பாடுபட்டுப் பள்ளியை 'செட் அப்' செய்வார்கள். நாம் மதிப்பெண் பட்டியலைக் காட்டி வீட்டாரை 'அப்செட்' செய்வோம்.

விளையாட்டு மைதானத்திற்கும் ஒரு நடை போய் வரலாம். டென்னிஸில் ஆறு கேம் வென்றால் பொதுவாக ஒரு செட் முடிந்துவிடும். ஆனால் 2010-இல் விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் ஆடிய ஆட்டத்தில் கடைசி செட் மட்டும் எட்டு மணி நேரத்திற்கு மேல் நடந்தது. 70–68 என்று இஸ்னர் வென்றார். மொத்த ஆட்டம் மூன்று நாள் நீண்டு, 11 மணி 5 நிமிடத்தில் முடிந்தது. அங்கே 2019 முதல் விதியையே மாற்றிவிட்டார்கள். இனி ஒரு செட் அப்படி வளர வழியில்லை. அதுவும் நல்லதுதான். ஆடினவர்களைவிடப் புள்ளிப் பலகைக்காரர்தான் பாவம்!

நிற்க. இத்தனை வேடம் போடும் சொல்லின் சொந்த முகம் எது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தது நம் தமிழ் இலக்கண வகுப்பு!

தன்வினை, பிறவினை படித்திருக்கிறோம் அல்லவா? தானே செய்தால் தன்வினை, பிறரைச் செய்வித்தால் பிறவினை. திருந்தினான், திருத்தினான். எழுந்தாள், எழுப்பினாள். தமிழில் இது ஏராளம். பழைய ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் இருந்தது. அதன் மிச்சம் இன்றும் அங்கங்கே தெரிகிறது. தானே எழுந்தால் 'ரைஸ்', எழுப்பினால் 'ரெய்ஸ்'. விழுந்தால் 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்தினால் 'ஃபெல்'. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் கதாநாயகியும். 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. அமர், அமர்த்து. அவ்வளவுதான் விஷயம்! தீயும் பொறியும் தேதியும் விலையும் பின்னால் வந்தவை. அந்த நானூற்றுச் சொச்சம் பொருள்களுக்கும் அடியில் இருப்பது, ஒருவரை உட்காரவைக்கும் ஒரு கை.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல் 'செட்டில்'. அதற்கும் வேர் இருக்கைதான். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது மிகவும் பிடித்த சொல். "பெரியவளை செட்டில் பண்ணியாச்சா? சின்னவளை எப்போ செட்டில் பண்ணப் போறீங்க?" என்று கேட்காத உறவினர் உண்டா? பெற்றோர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. இலக்கண ஆசை காரணமாகத்தான் கேட்கிறேன். இந்த வாக்கியங்களில் எப்போதும் பிறவினையே வருகிறதே, ஏன்? பெண் தானே பார்த்து, தனக்கேற்ற இடத்தில், தானே அமர்வதற்கும் ஒரு வினை இருக்கிறது. அதையும் சில வீடுகளில் பயன்படுத்திப் பார்க்கலாம்.

இனி, கூட்டம் என்னும் பொருளில் நாம் சொல்லும் 'செட்'டுக்கு வருவோம். அகராதியின்படி இது வேறு வீட்டுப் பிள்ளை. 'பின்பற்றுவோர்' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, ஏற்கெனவே அங்கிருந்த செட்டோடு பழகிப் பழகி அதன் சாயலையே பெற்றுவிட்டது என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்கு அதிகம் தெரிந்தது இந்தச் செட்தான். "எங்க செட்", "அவ செட்டே தனி", "நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு." ஒவ்வொரு வகுப்பிலும் நான்கைந்து செட் இருக்கும். செட்டுக்கு ஒரு மரநிழல், செட்டுக்கு ஒரு இரகசியம், செட்டுக்கு ஒரு பகையாளிச் செட்!

செட் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு இனிமை என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. செட் இல்லாதவளுக்கு மதிய உணவு மணி எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்ல முடியும். 1980-இல் அப்பாவுக்கு மாற்றல் வந்து, பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து ஒன்பதாம் வகுப்பில் நான் சேர்ந்தேன். அதற்குள் செட்டுகளெல்லாம் தயிரைப்போல உறைந்துவிட்டிருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. மணி அடித்ததும் எல்லாரும் வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள், வட்டங்களில் இடைவெளி இருக்காது. அவ்வளவுதான். நான் தண்ணீர்க் குழாயருகே படியில் உட்கார்ந்து, பாடப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். படிப்பதற்காக அல்ல. படிக்கிறவள் தனியாக உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமாகத் தோன்றாது அல்லவா?

அப்படி மூன்று வாரம் போயிற்று. கணக்கு வகுப்பில் அப்போது கணங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் அதுவும் செட்தான்! ஜார்ஜ் கேன்டர் என்ற கணித மேதை 1874-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த துறை அது. டீச்சர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். "இது வெற்றுக்கணம். இதற்குள் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இதுவும் ஒரு கணம்தான். அதுமட்டுமில்லை, எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும் வெற்றுக்கணம் அதற்கு உட்கணம். அதை யாரும் வெளியே தள்ள முடியாது" என்றார். உலகத்துச் செட்டுகள் எல்லாவற்றிலும் இடமுள்ள செட் ஒன்று, அது ஒன்றுமில்லாத செட்! நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

சும்மா இருக்காதவள் ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவள். அன்று மதியம் குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவ வந்தவள் என் எதிரே நின்று, "ஏய், நீதானே அந்த வெற்றுக்கணம்?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "டீச்சர் சொன்னாங்கள்ல? எல்லாச் செட்டுலயும் உனக்கு இடம் இருக்காம். வேற செட்டுக்குப் போறதுக்கு முந்தி எங்க செட்டுக்கு வந்துடு" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாகை மரத்தடியில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "நகருங்கடி!" என்றாள். முனகிக்கொண்டே நகர்ந்தார்கள். ஒரு சாண் இடைவெளி உண்டாயிற்று. என் தோளை அழுத்தி அதில் உட்காரவைத்தாள்.

அமர்த்தினாள். பிறவினை!

அன்று முதல் என் பட்டப்பெயர் வெற்றுக்கணம். அந்தப் பெயரைச் சொல்லி என்னை அழைப்பவர்கள் இன்றும் நான்கு பேர் இருக்கிறார்கள். ஐந்து பேர் இருந்தார்கள். பெயர் வைத்தவள் 2009-இல் நோயில் இறந்துபோனாள்.

செட்டில் ஒன்று குறைந்துவிட்டால் கடைக்காரர் அதை விற்கமாட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் குடில் செட் வாங்கியிருப்பவர்களுக்குத் தெரியும். மாதாவும் சூசையப்பரும் இருந்து ஓர் இடையர் குறைந்தாலும், "செட் முழுசா இல்லீங்க" என்று எடுத்து உள்ளே வைத்துவிடுவார். வீட்டில் வழக்கம் வேறு. என் அம்மாவிடம் இருந்த குடில் செட்டில் மூன்றாவது ராஜா எப்போதோ தொலைந்துவிட்டார். அம்மா செட்டை எறியவில்லை. அந்த இடத்தில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்தார். இரண்டு ராஜாக்களும் விறைப்பாக நிற்க, மூன்றாமவர் மட்டும் காற்றடிக்கும்போதெல்லாம் பாலனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார். பார்க்க வந்தவர்கள், "செட் சேரவில்லையே" என்பார்கள். "இடம் சேர்ந்திருக்கு, போதும்" என்பார் அம்மா.

எங்கள் செட்டும் அப்படித்தான். ஆண்டுக்கொரு முறை ஐவரும் எங்காவது கூடுகிறோம். சென்ற ஆண்டு முதல் எங்களோடு ஆறாவதாக ஒரு பெண் வருகிறாள். இறந்த தோழியின் மகள். எங்களைவிட முப்பது வயது சிறியவள். எங்கள் பழங்கதைகளில் பாதி அவளுக்குப் புரிவதில்லை. செட் சேரவில்லைதான். ஆனால் முதல் நாள் அவள் வாசலில் தயங்கி நின்றபோது, அன்று முனகிக்கொண்டே நகர்ந்த நால்வரில் ஒருத்தி இப்போது முனகாமல் நகர்ந்து இடம் காட்டினாள்.

அன்புத் தோழியரே! இந்தச் சொல்லின் 430 பொருள்களும் உங்களுக்கு மனப்பாடமாக வேண்டாம். எந்தச் சிஸ்டரும் அதைப் பரீட்சைக்குக் கேட்கப்போவதில்லை. மூத்த பொருள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஒரு நல்ல செட் அமையட்டும். அந்தச் செட்டுக்கு ஒரு மரநிழலும் பல இரகசியங்களும் இருக்கட்டும். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் வகுப்பிலும் எங்கிருந்தோ ஒருத்தி வந்து சேர்வாள். மதிய மணி அடித்ததும் படியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவாள். அவள் படிக்கிறாள் என்று நம்பிவிடாதீர்கள். போய்க் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். வட்டத்தில் ஒரு சாண் நகர்ந்தால் போதும்.